வெண்ணெய்க்கு அனுமதி கேட்ட ரொட்டி

டிசம்பர் பிறந்துவிட்டால் விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கத்து பேக்கரிகளில் கண்ணாடி அலமாரிக்குள் பிளம் கேக் வந்து உட்கார்ந்துவிடும். தீபாவளி முடிந்து பட்டாசுக் கடைகளின் பரபரப்பு அடங்கியிருக்கும். அச்சகங்களில் மட்டும் காலண்டர் வேலை ஓடிக்கொண்டிருக்கும். கேக்கை வெட்டினால் உள்ளே சிவப்பு, பச்சை, மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்னத் துண்டுகள். குழந்தைகள் முதலில் நோண்டித் தின்பது அதைத்தான். கடையில் கேட்டால் 'டூட்டி ஃப்ரூட்டி' என்பார்கள். இத்தாலிய மொழியில் அதற்கு 'எல்லாப் பழங்களும்' என்று பொருள். ஆனால் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு காய்தான். பப்பாளிக்காய்!

இதை ஏமாற்று வேலை என்று சிலர் சிரிப்பார்கள். ஆனால் சர்க்கரையில் ஊறிய பழம் போட்டுச் சுடும் கிறிஸ்துமஸ் பண்டங்களின் வரலாற்றைப் புரட்டினால், அது முழுக்க முழுக்க 'அது கிடைக்காதபோது இது' என்ற கதையாகவே இருக்கிறது. அந்தப் பண்டங்களில் நீண்ட வரலாறு கொண்டது ஜெர்மனியின் ஸ்டோலன். எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக்கூடாது என்று முடிவு செய்ய போப்பாண்டவரே கடிதம் எழுதிய ரொட்டி அது.

ஸ்டோலன் என்றால் என்ன?

கோதுமை மாவு, ஈஸ்ட், பால், தாராளமாக வெண்ணெய். அதோடு ரம்மில் ஊறிய உலர் திராட்சை, பாதாம், சர்க்கரைப் பாகில் ஊறவைத்த ஆரஞ்சுத் தோல், நாரத்தை இனத்தைச் சேர்ந்த சிட்ரன் பழத்தின் தடித்த தோல். வாசனைக்கு ஏலக்காய், பட்டை, ஜாதிக்காய் போன்றவை. இவற்றைப் பிசைந்து நீளவாக்கில் மடித்துச் சுடுவார்கள். அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு உருக்கிய வெண்ணெயைத் தடவி, மேலே வெள்ளை வெளேரென்று சர்க்கரைப் பொடியைக் கொட்டி மூடிவிடுவார்கள். துணியில் சுற்றிய குழந்தை இயேசுவின் உருவம் அது என்பது அவர்கள் சொல்லும் விளக்கம்.

இதை அன்றே வெட்டிச் சாப்பிடுவதில்லை. குளிர்ந்த இடத்தில் இரண்டு மூன்று வாரம் வைத்திருப்பார்கள். வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து ரொட்டிக்கு ஒரு சட்டை போல ஆகி, ஈரம் வெளியே போகாமலும் பூஞ்சணம் பிடிக்காமலும் காக்கின்றன. உள்ளே பழத்தின் மணம் மெல்ல மெல்ல மாவில் இறங்கும். நம்மூர் அதிரசம் மறுநாள்தான் ருசி என்பதைப் போல!

பழத்தோலைப் பதப்படுத்தும் முறையும் நமக்குப் புதிதல்ல. தோலை வேகவைத்து, முதலில் நீர்த்த பாகில் போடுவார்கள். தினமும் பாகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாக்குவார்கள். தோலில் இருக்கும் தண்ணீர் வெளியேற, அந்த இடத்தில் சர்க்கரை போய் உட்காரும். தண்ணீர் குறைந்தால் கிருமிக்கு வேலையில்லை. ஒரே நாளில் கெட்டிப் பாகில் போட்டால் துண்டு சுருங்கிப் போகும். டூட்டி ஃப்ரூட்டிக்குப் பப்பாளிக்காயைப் பக்குவப்படுத்துவதும் இதே கணக்குதான். ஆக்ராவின் பூசணிக்காய் பேட்டா, தேன் நெல்லிக்காய் எல்லாம் இதற்கு ஒன்றுவிட்ட சொந்தங்கள். உப்பு செய்யும் வேலையை இங்கே சர்க்கரை செய்கிறது, அவ்வளவுதான்.

பெயரிலும் ஒரு சொந்தம் இருக்கிறது. சர்க்கரைக் கட்டியைக் குறிக்கும் 'கண்ட' என்ற வடசொல் பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பா போய் 'கேண்டி' ஆனது. பாகில் ஊறிய பழத்தை ஜெர்மானியர் 'கண்டியர்ட்' என்கிறார்கள். நம் கற்கண்டில் இருக்கும் 'கண்டு' அதன் உடன்பிறப்பு. ஜெர்மன் மொழியின் 'சுக்கர்', நம் சர்க்கரை இரண்டுக்கும் மூலம் ஒன்றே.

எண்ணெய் ரொட்டிக் காலம்

ஜெர்மனியின் நவும்பர்க் நகரில் 1329ஆம் ஆண்டு ஆயர் ஒருவர் ரொட்டி சுடுவோருக்குத் தொழில் உரிமை வழங்கியபோது, கிறிஸ்துமஸ் தோறும் நீளமான கோதுமை ரொட்டிகள் தரவேண்டும் என்று நிபந்தனை விதித்தார். ஸ்டோலனின் மூதாதை என்று இதைச் சொல்வார்கள். டிரெஸ்டன் நகரில் 1474ஆம் ஆண்டு ஒரு மருத்துவமனையின் கணக்குச் சீட்டில் கிறிஸ்துமஸ் ரொட்டி இடம் பெற்றிருக்கிறது. ஒரு பண்டத்தின் வரலாறு கணக்குப் புத்தகத்தில் பத்திரமாக இருந்திருக்கிறது என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

ஆனால் அன்றைய ரொட்டியைச் சாப்பிட்டால் இன்று யாரும் இரண்டாவது துண்டு கேட்கமாட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள் நோன்புக் காலம். வெண்ணெய், பால் இரண்டும் விலக்கப்பட்டவை. மாவு, ஈஸ்ட், தண்ணீர், எண்ணெய் இவ்வளவுதான் அனுமதி. இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் இதனால் கஷ்டம் இல்லை, அங்கே நல்ல ஆலிவ் எண்ணெய் கொட்டிக் கிடந்தது. சாக்சனி பகுதியில் ஆலிவ் விளையாது. அங்கே கிடைத்தது கசப்பு ஏறிய கடுகு இன எண்ணெய். ஆலிவ் விளையும் ஊரில் உட்கார்ந்து எழுதிய சட்டம், மாடு மேயும் ஊரில் கசந்தது!

சாக்சனியின் ஆட்சியாளர்கள் ரோமாபுரிக்கு விண்ணப்பம் போட்டார்கள். நீண்ட காலத்துக்குப் பிறகு 1491ஆம் ஆண்டு போப் எட்டாம் இன்னசென்ட் அனுமதிக் கடிதம் கொடுத்தார். வரலாற்றில் இதற்கு 'வெண்ணெய்க் கடிதம்' என்றே பெயர். ஆனால் அனுமதி எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைக்கவில்லை. ஆட்சியாளரின் குடும்பத்துக்கும் வீட்டாருக்கும் இலவசம். மற்றவர்கள் ஆண்டுதோறும் ஒரு பொற்காசில் இருபதில் ஒரு பங்கு கட்டவேண்டும். அந்தப் பணம் ஃப்ரைபெர்க் நகரத்து தேவாலயத்தைக் கட்டுவதற்குப் போனது. பிரான்சு நாட்டின் ரூவான் பேராலயத்தில் இன்றும் ஒரு கோபுரத்துக்கு 'வெண்ணெய்க் கோபுரம்' என்று பெயர். அதுவும் இதே மாதிரி வசூலித்த காசில் எழுந்தது என்பார்கள்.

வணிகக் கண்ணோடு பார்த்தால் இது சுவாரஸ்யமான ஏற்பாடு. முதலில் ஒரு தடை. பிறகு அந்தத் தடையிலிருந்து விலக்கு. விலக்குக்கு ஒரு கட்டணம். வெண்ணெய் தின்பது பாவம் என்றால் காசு கொடுத்தாலும் அது பாவமாகத்தானே இருக்க வேண்டும்? மார்ட்டின் லூதர் 1520இல் எழுதிய நூலில் இந்த வெண்ணெய் அனுமதி விற்பனையையும் விட்டுவைக்கவில்லை. சாக்சனி புராட்டஸ்டன்ட் ஆன பிறகு அனுமதிச் சீட்டுக்கே அவசியம் இல்லாமல் போனது. ரொட்டியில் வெண்ணெய் தாராளமாக இறங்கியது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒரு நோன்பு

நோன்புக் காலத்தில் பாலையும் நெய்யையும் விலக்குவது ஐரோப்பாவுக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. அதே டிசம்பரில், மார்கழி பிறந்ததும், விருதுநகர் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் நினைவுக்கு வருவது ஆண்டாளின் பாவை நோன்பு. திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் நோன்பிருக்கும் பெண்கள் நெய்யும் பாலும் வேண்டாம் என்று தாங்களே விலக்கி வைக்கிறார்கள். இருபத்தேழாம் பாசுரத்தில் நோன்பு நிறைவேறி, பால் சோற்றின் மேல் நெய் வழியச் சேர்ந்து உண்கிறார்கள். கூடாரவல்லி அன்று வைணவர் வீடுகளில் அக்காரவடிசில் பொங்குவது இதனால்தான்.

இரண்டு ஊரிலும் கணக்கு ஒன்றுதான். முதலில் நெய்யை விடு, பிறகு நெய்யோடு கொண்டாடு. வித்தியாசம் எங்கே என்றால், ஆண்டாளின் தோழியர் தாங்களாக விலக்கினார்கள். சாக்சனிக்காரர்கள் மேலிடத்து உத்தரவால் விலக்கினார்கள். தானாக விட்ட நெய் விருந்தாகத் திரும்பி வந்தது. உத்தரவால் விட்ட வெண்ணெய் கட்டணமாகத் திரும்பி வந்தது!

மிளகுக் கேக் ஊரிலிருந்து வந்தவர்

டிரெஸ்டனுக்குப் பக்கத்தில் புல்ஸ்நிட்ஸ் என்று ஒரு சிற்றூர். மசாலா போட்ட இனிப்பு ரொட்டிக்குப் பேர்போனது. 1558ஆம் ஆண்டே அந்த ஊர் ரொட்டிக்காரர்கள் அதற்கு உரிமை வாங்கிவிட்டார்கள். அந்தப் பண்டத்துக்கு ஜெர்மன் மொழியில் 'மிளகுக் கேக்' என்று பெயர். தூர தேசத்து நறுமணப் பொருள் எல்லாவற்றையும் அன்று 'மிளகு' என்றே பொதுவாகச் சொன்னார்கள். 

அந்த ஊரில் 1682இல் பிறந்தவர்தான் பார்த்தலோமேயு சீகன்பால்கு. 1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் அவர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ் கற்றார், ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து அச்சு எழுத்துகள் வந்தன, 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. மிளகை வாங்கி ரொட்டி சுட்ட ஊரிலிருந்து ஒருவர் கிளம்பி, மிளகு விற்கும் நாட்டுக்கு அச்சு எழுத்தைக் கொண்டு வந்திருக்கிறார்.

பின்னாளில் 1836இல் டிரெஸ்டனிலேயே தொடங்கப்பட்ட மிஷன் சங்கம் லைப்சிக் நகருக்கு மாறி, தரங்கம்பாடிப் பணியை ஏற்றுக்கொண்டது. அதன் இயக்குநராக இருந்த கார்ல் கிரவுல் தமிழகம் வந்து தமிழ் படித்தார். திருக்குறளை ஜெர்மன் மொழியில் 1856இல் வெளியிட்டார். தெற்கே பாளையங்கோட்டையில் 1820 முதல் பணி செய்து, தமிழ் இலக்கணமும் எழுதிய ரேனியஸ் ஐயரும் ஜெர்மானியரே. ஸ்டோலன் பிறந்த மண்ணுக்கும் தமிழுக்கும் தொடர்பு இப்படிப் பழையது.

அரசனின் ஆடம்பரமும் காரட் துண்டும்

வெண்ணெய் கிடைத்ததும் ஸ்டோலன் அரண்மனைப் பண்டமாகிவிட்டது. 1730இல் 'பலசாலி' அகஸ்டஸ் மன்னர் ஸைட்ஹைன் என்ற இடத்தில் மாபெரும் படை அணிவகுப்பும் விருந்தும் நடத்தினார். விருந்தின் முடிவில் டிரெஸ்டன் ரொட்டிக்காரர்கள் சுட்ட சுமார் 1.8 டன் எடையுள்ள ராட்சத ஸ்டோலன் வந்தது. வெட்டுவதற்கென்றே ஆளுயரக் கத்தி ஒன்றும் செய்தார்கள். அந்த நினைவில் 1994 முதல் டிரெஸ்டனில் ஆண்டுதோறும் ஸ்டோலன் விழா நடத்தி வருகிறார்கள். 

அடுத்த காட்சி நேர் எதிர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனி இரண்டாகப் பிரிந்தபோது டிரெஸ்டன் கிழக்குப் பக்கம் போனது. அந்நியச் செலாவணி தட்டுப்பாடு. ஆரஞ்சு, சிட்ரன், பாதாம், திராட்சை எல்லாமே இறக்குமதிச் சரக்கு. சிட்ரன் தோலுக்குப் பதிலாகப் பச்சைத் தக்காளியையும், ஆரஞ்சுத் தோலுக்குப் பதிலாகக் காரட்டையும் பாகில் போட்டு 'கண்டினாட்' என்ற பெயரில் தயாரித்தார்கள். மேற்கே இருந்த உறவினர்கள் பார்சலில் திராட்சையும் பாதாமும் அனுப்ப, கிழக்கே இருந்தவர்கள் அதை வைத்து ஸ்டோலன் சுட்டுத் திருப்பி அனுப்பினார்கள். சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே குடும்பம். ஒரு பக்கம் கைப்பக்குவம், மறு பக்கம் சரக்கு. ரொட்டி இரண்டையும் சேர்த்தது.

நம்மூர் பப்பாளிக்காயைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இந்தப் பச்சைத் தக்காளியை நினைத்துக்கொள்ள வேண்டும்.

தலச்சேரியில் நடந்தது

இந்தியாவில் கிறிஸ்துமஸ் கேக்கின் கதையும் மாற்றுப் பொருளில்தான் தொடங்குகிறது. பர்மாவில் பிஸ்கட் தொழில் கற்றுத் திரும்பிய மாம்பள்ளி பாபு, 1880இல் தலச்சேரியில் ராயல் பிஸ்கட் ஃபேக்டரி தொடங்கினார். அஞ்சரக்கண்டி பட்டைத் தோட்டத்துத் துரை மர்டாக் பிரவுன், 1883ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவரிடம் வந்து, இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக்கைக் காட்டி இதேபோல் செய்ய முடியுமா என்று கேட்டாராம். மாஹேயிலிருந்து பிரெஞ்சு பிராந்தி வாங்கிச் சேர்க்கச் சொன்னாராம். பாபு அதை விட்டுவிட்டு முந்திரிப் பழமும் கதலி வாழையும் போட்டு வடித்த உள்ளூர்ச் சாராயத்தைச் சேர்த்தார். ருசி பார்த்த துரை இன்னும் ஒரு டஜனுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார் என்பது அந்த ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு.

கேக்கை மாதிரிக்குக் கொடுத்தது இங்கிலாந்து. ருசியைக் கொடுத்தது மலபார். தூத்துக்குடி மக்ரூனும் இப்படித்தான். ஐரோப்பாவின் பாதாம் இருந்த இடத்தில் நம் முந்திரி உட்கார்ந்தது. இன்று யாரும் அதைப் போலி என்று சொல்வதில்லை. ஊரின் பெருமை என்றே பார்சல் கட்டி எடுத்துப் போகிறார்கள்.

பெயர் யாருக்குச் சொந்தம்?

அப்படியானால் எதை எதற்குப் பதிலாகப் போட்டாலும் சரியா? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. ஜெர்மனி ஒன்றான பிறகு டிரெஸ்டன் ரொட்டிக்காரர்கள் 1991இல் சங்கம் அமைத்தார்கள். 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் 'டிரெஸ்டன் கிறிஸ்துமஸ் ஸ்டோலன்' என்ற பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு கொடுத்தது. 100 கிலோ மாவுக்குக் குறைந்தது 50 கிலோ வெண்ணெய், 65 கிலோ திராட்சை, 20 கிலோ பாகில் ஊறிய பழத்தோல், 15 கிலோ பாதாம் இருக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் மாவைப்போல் ஒன்றரை மடங்கு! வனஸ்பதி வகையறா கூடாது. ஒவ்வொரு ரொட்டியிலும் மன்னர் குதிரையேறிய பொன்நிற முத்திரை, அதில் ஓர் எண். எந்த அடுப்பில் சுட்டது என்று கண்டுபிடித்துவிடலாம்.

இந்தியாவில் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் நிறைவேறி 2003இல் நடைமுறைக்கு வந்தது. பதிவு அலுவலகம் சென்னையில்தான் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் பழனி பஞ்சாமிர்தமும் 2019இல் அந்தக் குறியீட்டைப் பெற்றன. கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020இல் பெற்றது. அடுப்பில் சுடும் ஊட்டி வர்க்கி 2023இல் சேர்ந்தது.

பால்கோவாவில் இருப்பது பாலும் சர்க்கரையும் மட்டுமே. பாலைக் குறைத்துச் சர்க்கரையைக் கூட்டினால் அடக்க விலை இறங்கும், லாபம் ஏறும். வாங்குகிறவருக்குப் பெட்டியின் மேலிருக்கும் எழுத்து தெரியும், உள்ளே கொதித்த பாலின் அளவு தெரியாது. பஸ் நிலையத்தில் அவசரமாக வாங்கும் வெளியூர்ப் பயணி ஒருமுறை ஏமாந்தால் அடுத்த முறை அந்த ஊர்ப் பெயரையே நம்பமாட்டார். ஏமாற்றியவர் வேறு பெயருக்கு மாறிவிடலாம். விடியற்காலையில் எழுந்து கடாயில் பாலைக் கிண்டுகிறவருக்கு மாறுவதற்கு வேறு ஊர் இல்லை. சான்றிதழ் கிடைத்தால் மட்டும் போதாது, டிரெஸ்டன்காரர்களைப்போல ஒவ்வொரு பெட்டியிலும் ஆளைக் காட்டும் எண் வேண்டும் என்பது இதனால்தான். லேபிளும் அட்டைப் பெட்டியும் அச்சடிப்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வெகுதூரம் போகவும் வேண்டாம். சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது!

விதியை எழுதுகிறவர் யார்?

சேர்மானப் பொருளை மேலிடம் முடிவு செய்யும்போது என்ன நடக்கும் என்பது சிவகாசிக்கும் தெரிந்த கதைதான். 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததிலிருந்து, அந்த ஊர் வேதிப்பொருள் கலவையை நம்பி வாழ்கிறது. 2018இல் உச்சநீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது. வாணவேடிக்கையில் பச்சை நிறம் தருவது பேரியம்தான். நீரி ஆய்வு நிறுவனம் வகுத்துக் கொடுத்த முறையில் பசுமைப் பட்டாசு தயாரிப்புக்கு ஆலைகள் மாற வேண்டியிருந்தது.

வெண்ணெய்த் தடையும் பேரியத் தடையும் ஒன்றல்ல. முன்னது யாருடைய நுரையீரலையும் காக்கவில்லை, ஒரு கட்டடத்துக்குக் காசு சேர்த்தது. பின்னது மக்கள் சுவாசிக்கும் காற்றுக்காக வந்தது. ஆனால் இரண்டிலும் ஒரு பொதுவான பாடம் உண்டு. ஒரு பொருளை விலக்கு என்று சொல்வது ஒரு வரி. அதற்கு ஈடான பொருளைக் கண்டுபிடித்து, பழகி, விலை கட்டி விற்பது பட்டறையில் நிற்பவரின் பல வருட உழைப்பு. விதியை எழுதுகிறவர் அந்த மாற்றத்தின் செலவில் பங்கு எடுக்காவிட்டால், அது முழுவதும் கடைசியில் இருக்கும் தொழிலாளி தலையில்தான் விழும். 1491இல் பொற்காசின் இருபதில் ஒரு பங்கைக் கொடுத்தவர் அரண்மனையில் இருக்கவில்லை.

எண்ணெயில் தொடங்கி வெண்ணெய்க்கு வந்து, நடுவில் பச்சைத் தக்காளியில் பிழைத்து, முத்திரையோடு நிற்கிறது ஸ்டோலன். அது நல்ல ரொட்டி ஆனதற்குக் காரணம் போப்பின் கடிதம் மட்டுமல்ல. கையில் கிடைத்ததை வைத்து இந்த வருடமும் சுட்டே தீருவது என்று அடுப்பை மூட்டியவர்கள்தான். நம் பேக்கரி கேக்கில் இருக்கும் பப்பாளிக்காயும் அந்த வரிசையில் சேரத் தகுதியுள்ளதே. ஒன்றே ஒன்றுதான் வேண்டும். அது பப்பாளி என்று பெட்டியில் எழுதிவிடலாம். அதனால் கேக்கின் ருசி குறையப்போவதில்லை.